பிளக்கில் கரண்ட் வரவில்லையா? பழைய ரைடிங் மோவரின் இக்னிஷன் கோளாறுகள்

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் ஏப்ரல் பிறந்ததும் புல்வெட்டி பழுதுபார்க்கும் கடைகளின் வாசலில் வண்டிகள் வரிசை கட்டத் தொடங்கும். அக்டோபர் கடைசியில் கொட்டகைக்குள் தள்ளப்பட்டு, பனிக்காலம் முழுவதையும் அசையாமல் கழித்த ரைடிங் மோவர்கள் அவை. சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. உரிமையாளர் பிளக்கைக் கழற்றிப் பார்த்திருப்பார், கரண்ட் வந்திருக்காது. கையோடு புது காயில் ஒன்று வாங்கி மாட்டியிருப்பார். அதற்கும் வண்டி மசிந்திருக்காது.

பழைய மோவரில் பொறி வரவில்லை என்றால் முதல் சந்தேகம் விழ வேண்டியது பொறியை உண்டாக்கும் காயில்மீது அல்ல, பொறியை அணைப்பதற்கென்றே போடப்பட்டிருக்கும் ஒயர்கள்மீது. காரணம் எளிது. இந்த வண்டிகளில் பெரும்பாலானவை மேக்னட்டோ முறையில் ஓடுபவை. ஃப்ளைவீலின் விளிம்பில் பதித்த காந்தம் ஒவ்வொரு சுற்றிலும் காயிலை உரசுவதுபோல் கடக்கிறது. அந்தக் கணத்தில் காயிலுக்குள் பிறக்கும் மின்சாரம் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்ந்து, பிளக் முனையில் பொறியாகத் தெறிக்கிறது. இதில் பேட்டரிக்கு எந்தப் பங்கும் இல்லை. செல்ஃப் மோட்டாரைச் சுழற்றிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. டி.வி.எஸ். 50 மொபெட்டை மிதித்துக் கிளப்பிய தலைமுறைக்கு இது பழகிய சங்கதிதான். பேட்டரியை நம்பாமல் அந்த மொபெட் ஓடியதும் இதே காந்தத்தின் தயவில்தான்.

தனக்கான மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் எஞ்சினை நிறுத்துவது எப்படி? காயிலிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று வெளியே வருகிறது. அதன் முனை எஞ்சின் பாடியைத் தொட்டால், அதாவது எர்த் ஆனால், மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அங்கேயே இறங்கிவிடும். மெக்கானிக்குகள் இதைக் கில் ஒயர் என்பார்கள். சாவியை அணைக்கும்போது நடப்பது இதுதான். பிளேடு சுற்றிக்கொண்டிருக்க, ஓட்டுபவர் இருக்கையிலிருந்து எழுந்தால் எஞ்சின் நிற்பதும் இதனால்தான். சாவி சுவிட்ச், சீட் சுவிட்ச், பிரேக் சுவிட்ச், பிளேடு சுவிட்ச் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இந்த ஒரு ஒயரில் வந்து சேருகின்றன. முப்பது வருட அதிர்வில் அது எங்கேயாவது ஓரிடத்தில் தோல் உரிந்து இரும்பைத் தொட்டால் போதும். காயில் கல்லுப்போல இருந்தும் பொறி வராது.

முதலில் எஞ்சினின் வயது

வண்டியின் முன்மூடியில் எந்தப் பெயர் இருந்தாலும் சரி, உள்ளே இருக்கும் எஞ்சினைச் செய்தவர் பெரும்பாலும் வேறொருவர். பழைய அமெரிக்க மோவர்களில் அடிக்கடி எதிர்ப்படும் பெயர்கள் இரண்டு: பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், கோலர். இரண்டுமே விஸ்கான்சின் மாநிலத்து நிறுவனங்கள். (நம்மூரில் கோலர் என்றால் குளியலறைக் குழாய்தான் நினைவுக்கு வரும். அதே கோலர்தான்.) 1961இல் வந்த கப் கேடட், 1963இல் வந்த ஜான் டியர் 110 ஆகிய புகழ்பெற்ற ஆரம்பகால வண்டிகள் இரண்டிலும் இருந்தது கோலர் எஞ்சின்.

பிரிக்ஸ் எஞ்சினாக இருந்தால் மேல்மூடியின் தகட்டில் மாடல், டைப், கோடு என மூன்று வரிசை எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். புழுதியைத் துடைத்துவிட்டுக் கோடு எண்ணைப் படிக்க வேண்டும். முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு மாதம், அதற்கடுத்த இரண்டு தேதி. 830517 என்று தொடங்கினால் 1983 மே 17 அன்று செய்த எஞ்சின். இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு லாபம் உண்டு. பிரிக்ஸ் நிறுவனம் மேக்னட்ரான் என்ற மின்னணு இக்னிஷனை 1982இல் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய எஞ்சின் என்றால் ஃப்ளைவீலுக்கு அடியில், மின்சுற்றைத் திறந்து மூடும் பாயிண்ட்டும் அதன் கண்டென்சரும் ஒளிந்திருக்கும்; முந்தைய உரிமையாளர் யாராவது மேக்னட்ரான் கிட் வாங்கி மாற்றியிருந்தால் தவிர. சில வருடங்கள் பிந்தையது என்றால் அந்தத் தொல்லை இல்லை.

கோலரின் பழைய கே வரிசை எஞ்சின்களில் நிறைய, மேற்சொன்ன இரண்டிலும் சேராதவை. கார்களில் இருப்பதுபோல் உருளை வடிவக் காயில் வெளியே தெரியும்படி பொருத்தப்பட்டிருந்தால் அது பேட்டரி இக்னிஷன். அங்கே கணக்கு தலைகீழ்: சாவியைப் போட்டால் காயிலுக்கு 12 வோல்ட் வர வேண்டும், அணைத்தால் நிற்க வேண்டும். பேட்டரி இறங்கினால் பொறியும் இல்லை. அதைப் பிறகு பார்க்கலாம்.

கை வைக்கும் முன்

சமதளத்தில் வண்டி, பார்க்கிங் பிரேக் போட்டபடி, பிளேடு அணைத்தபடி. பிளேடுக்குப் பக்கத்தில் கை போகும் வேலை என்றால் பிளக் ஒயரைக் கழற்றித் தள்ளி வைத்த பிறகே. பேட்டரியைக் கழற்றினால் நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டிப் பார்க்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பொறி இருக்கிறதா என்று பார்க்கும் முறை

பிளக்கைக் கழற்றி, எஞ்சின் மேல் சாய்த்து வைத்து, செல்ஃப் அடித்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. அதில் இரண்டு குறை. பிளக் கழன்ற துவாரத்திலிருந்து பெட்ரோல் ஆவி பீறிட்டு வரும். அதன் பக்கத்திலேயே பொறி தட்டுவது நல்லதல்ல. இரண்டாவது, வெளிக்காற்றில் பொறி தாண்டுவது சுலபம். சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்பட்டிருக்கும்போது அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட்டேஜ் தேவை. வெளியே பொறி காட்டிய காயில் உள்ளே கைவிடுவது இதனால்தான்.

ஸ்பார்க் டெஸ்டர் என்ற சிறு கருவி அதிக விலையில்லை. சிறு எஞ்சின்களுக்கான டெஸ்டரில் 4 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளி இருக்கும். பொறி அதைத் தாண்டினால் காயிலை நம்பலாம். பிளக் ஒயரை டெஸ்டரில் செருகி, அதன் கிளிப்பை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியில் மாட்டி, செல்ஃப் அடிக்க வேண்டும். நீல நிறத்தில் சடசடவென்று தெறித்தால் நல்ல பொறி. மஞ்சளாக, மெலிந்து, விட்டுவிட்டு வந்தால் நோஞ்சான் பொறி. டெஸ்டரை விரலால் பிடித்துக்கொண்டு இதைச் செய்பவருக்கு மறுமுறை சொல்லித்தர வேண்டியிருக்காது.

டெஸ்டரில் பொறி நன்றாக இருந்தால் முதல் குற்றவாளி பிளக். பல பழைய பிரிக்ஸ் எஞ்சின்களுக்கு இடைவெளி 0.030 அங்குலம், அதாவது 0.76 மி.மீ. கரி பிடித்த பிளக்கை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வதை பிரிக்ஸ் நிறுவனமே வேண்டாம் என்கிறது. ஒட்டியிருக்கும் மணல் சிலிண்டருக்குள் போய்ச் சுவரை அரித்துவிடும். புது பிளக் போடுவதே மலிவு. புது பிளக்கிலும் கிளம்பவில்லை, கழற்றினால் முனை காய்ந்து கிடக்கிறது என்றால் பிரச்சினை இக்னிஷன் பக்கம் இல்லவே இல்லை, பெட்ரோல் வரவில்லை. எத்தனால் கலந்த அமெரிக்கப் பெட்ரோல் பனிக்காலம் முழுவதும் டேங்கில் கிடந்தால் கார்புரேட்டர் துளைகளை அடைத்துவிடும்.

காயில் கோளாறுபோல நடிக்கும் இன்னொரு பாகமும் உண்டு. பல எஞ்சின்களில் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் சிறிய சோலனாய்டு திருகப்பட்டிருக்கும். சாவி போட்டால் அது உள்ளே இழுத்துக்கொண்டு பெட்ரோலுக்கு வழிவிட வேண்டும். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பிக் காதைக் கொடுத்தால் மெல்லிய ‘டிக்’ கேட்கும். கேட்கவில்லை என்றால் அதன் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு ஒயரைக் கழற்றும் சோதனை

இனி, டெஸ்டரில் பொறியே வராத வண்டி. இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு சோதனையைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளலாம்.

எஞ்சினுக்கும் வண்டிக்கும் நடுவில், எஞ்சினை ஒட்டினாற்போல் பிளாஸ்டிக் கனெக்டர் ஒன்று இருக்கும். காயிலிலிருந்து வரும் கில் ஒயர் அதன் வழியாகத்தான் வண்டியின் ஒயரிங்குக்குள் போகிறது. நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. பிரிக்ஸில் பெரும்பாலும் கறுப்பு என்றாலும் மாடலுக்கு மாடல் மாறும். காயிலிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வருவதுதான் நிச்சயம். அந்த ஒயரை மட்டும் கனெக்டரில் கழற்றிவிட்டு மறுபடி டெஸ்டரோடு செல்ஃப் அடிக்க வேண்டும்.

பொறி திரும்பி வந்தால் காயில் நிரபராதி. கோளாறு வண்டி பக்கம்: ஏதோ ஒரு சுவிட்ச், அல்லது உரிந்த ஒயர். பொறி அப்போதும் வராவிட்டால் கோளாறு எஞ்சின் பக்கம்: காயில், அதன் இடைவெளி, ஃப்ளைவீல், அல்லது காயிலுக்கும் கனெக்டருக்கும் நடுவிலிருக்கும் அரையடி ஒயர். ஒரு காசு செலவில்லாமல் தேடும் இடம் பாதியாகக் குறைகிறது. இதைச் செய்யாமல் காயில் வாங்கப் போவது ரத்தப் பரிசோதனை இல்லாமல் ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதற்குச் சமம்.

எச்சரிக்கை ஒன்று. கில் ஒயர் கழன்ற நிலையில் எஞ்சின் கிளம்பிவிட்டால் சாவியை அணைத்தாலும் அது நிற்காது, ஆள் எழுந்தாலும் நிற்காது. அதனால் சோதனைக்கு முன்பே, காயில் பக்க முனையில் கிளிப் வைத்த நீள ஒயர் ஒன்றை மாட்டி வைத்துக்கொள்ள வேண்டும். நிறுத்த வேண்டிய நேரத்தில் அதன் மறுமுனையை எஞ்சின் பாடியில் தொட்டால் போதும். அந்த நிலையில் வண்டியைப் புல்தரைக்கு ஓட்டிச் செல்வது கூடவே கூடாது.

வண்டி பக்கத்துக் குற்றவாளிகள்

வண்டி பக்கம் என்று தெரிந்ததும் மல்டிமீட்டரை எடுக்கலாம். சாவியை ‘ஆன்’ நிலையில் வைத்து, கழற்றிய கில் ஒயரின் வண்டிப் பக்க முனைக்கும் பாடிக்கும் நடுவே முதலில் வோல்ட் பார்க்க வேண்டும். மேக்னட்டோ வண்டியில் அங்கே 12 வோல்ட் இருக்கவே கூடாது. இல்லையென்று உறுதியான பிறகு மீட்டரை ஓம்ஸுக்கு மாற்றி, சாவி ‘ஆன்’ நிலையிலேயே இருக்க, ஒருவர் இருக்கையில் அமர்ந்து பிரேக்கை மிதித்துக்கொள்ள, பிளேடு அணைந்திருக்க, மீட்டரைப் பார்க்க வேண்டும். முள் அசையக் கூடாது. டிஜிட்டல் மீட்டர் என்றால் ‘ஓ.எல்.’ காட்ட வேண்டும். ஓம்ஸ் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் கில் ஒயர் எங்கோ எர்த் ஆகிறது.

எங்கே என்று கண்டுபிடிக்க சுவிட்ச்களின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி மீட்டரைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். எதைக் கழற்றும்போது எர்த் மறைகிறதோ, கோளாறு அங்கே. ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: சில சீட் சுவிட்ச்கள் கனெக்டரைக் கழற்றியதும் தாமே எர்த் ஆகும்படி செய்யப்பட்டவை. கழற்றிவிட்டு ஏமாற்றலாம் என்று நினைப்பவர்களுக்காகவே வைத்த ஏற்பாடு அது. வண்டியின் ஒயரிங் படம் கையில் இருந்தால் குழப்பமில்லை.

சுவிட்ச்களில் அதிகம் அடிபடுவது சீட் சுவிட்ச். கிழிந்த இருக்கை வழியாக மழைத்தண்ணீர் அதில்தான் இறங்கும். அதன் அடையாளத்தை மீட்டர் இல்லாமலே சொல்லலாம். எஞ்சின் நன்றாகக் கிளம்பும்; பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும், அல்லது பிளேடைப் போட்டதும் பட்டென்று நின்றுவிடும். ஆள் உட்கார்ந்திருப்பது வண்டிக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். மேடுபள்ளத்தில் ஓட்டுபவர் சற்றே எழும்பும்போதெல்லாம் எஞ்சின் விக்குவதும் இதே சுவிட்சின் வேலை. பின்னோக்கி எடுக்கும்போது பிளேடு ஓடிக்கொண்டிருந்தால் நின்றுவிடும் வண்டிகளும் உண்டு. அது கோளாறு அல்ல, பின்னால் குழந்தை நிற்கக்கூடும் என்பதற்காக வைத்த பாதுகாப்பு.

சுவிட்ச்கள் எல்லாம் சரியென்றால் ஒயர். இங்கே கண்ணும் டார்ச்சும்தான் கருவி. ஸ்டியரிங் தண்டுக்கு அடியில், இருக்கை ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில், முன்மூடியின் கீலில், சைலன்சரை ஒட்டி ஒயர் போகும் இடங்களில் தேட வேண்டும். பனிக்காலத்தில் எலிகளுக்கு மோவரைவிட வசதியான வீடு கிடையாது. எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினால் காய்ந்த புல்லும் பஞ்சும் சேர்த்துக் கட்டிய கூடு ஃப்ளைவீலைச் சுற்றி அடைந்திருக்கும், அதன் நடுவே கடித்துக் குதறிய ஒயர். கூட்டை வாரி எறியும்போது கையுறையும் முகமூடியும் அவசியம். அமெரிக்கக் கொட்டகை எலிகளில் சில ஹான்டா வைரஸைச் சுமப்பவை.

சில பிரிக்ஸ் எஞ்சின்களில் இன்னொரு மறைவிடமும் இருக்கிறது. ஆக்ஸிலரேட்டர் நெம்புகோலைக் கடைசி வரை கீழே தள்ளினால் எஞ்சின் நிற்கும்படி, கார்புரேட்டர் பக்கத்துத் தகட்டில் ஒரு சின்ன எர்த் முனை வைத்திருப்பார்கள். கேபிள் நழுவி நெம்புகோல் எப்போதும் அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் பொறி வரவே வராது. இது எஞ்சின் பக்கம் இருப்பதால் கனெக்டரைக் கழற்றும் சோதனையில் அகப்படாது.

சாவி சுவிட்ச் என்னும் கண்ணி

தேய்ந்த சாவி சுவிட்சை மாற்றுகிறவர்கள் ஓர் ஆபத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேக்னட்டோ வண்டிக்கான சுவிட்சும் பேட்டரி இக்னிஷன் வண்டிக்கான சுவிட்சும் வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். அதே துளை, அதே சாவி, அதே ஐந்து முனை. உள்ளேதான் வேறு. மேக்னட்டோ சுவிட்சில் ‘எம்’ என்ற முனை, சாவி அணைந்த நிலையில் ‘ஜி’ என்ற எர்த் முனையோடு சேர வேண்டும். சாவி போட்டால் இரண்டும் பிரிய வேண்டும். பேட்டரி வகை சுவிட்சோ சாவி போட்டதும் இக்னிஷன் முனைக்கு 12 வோல்ட்டை அனுப்பும். தப்பான சுவிட்சை மாட்டினால் அந்த 12 வோல்ட் கில் ஒயர் வழியே நேராகக் காயிலுக்குள் போய் அதைக் கருக்கிவிடும். புது காயில் போட்டாலும் அடுத்த முறை சாவி திருப்பும்போது அதுவும் போகும். கில் ஒயரில் முதலில் வோல்ட் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

செல்ஃபே சுற்றவில்லை என்றால்

இது இக்னிஷன் கோளாறு அல்ல என்றாலும் சாவியைத் திருப்பி ஏமாறுபவருக்கு இரண்டும் ஒன்றாகவே படும். பேட்டரி, ஃபியூஸ், பிரேக் சுவிட்ச், பிளேடு சுவிட்ச், சோலனாய்டு, எர்த் கேபிள் என்ற வரிசையில் போனால் அகப்பட்டுவிடும். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் அதை மாற்றும் நேரம் வந்துவிட்டது. பேட்டரி பழுது காயில் பழுதுபோலத் தெரிவதும் உண்டு. மேக்னட்ரான் காயில் பொறி தருவதற்கு ஃப்ளைவீல் நிமிடத்துக்கு 350 சுற்றாவது சுற்ற வேண்டும். இறங்கிப்போன பேட்டரி எஞ்சினை அதைவிட மெதுவாக இழுத்தால் பொறி வராது, பழி காயில்மேல் விழும். பேட்டரி நன்றாக இருந்தும் எஞ்சின் பாதிச் சுற்றில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் வால்வு இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும்.

காயிலும் காந்தமும்

கில் ஒயர் கழன்ற பிறகும் பொறி இல்லாத எஞ்சினில் மேல்மூடியைக் கழற்றியாக வேண்டும். கழற்றியதும் காயிலில் கை வைக்காமல் முதலில் கில் ஒயர் மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்பு யாரோ அவசரமாக மூடிய வண்டிகளில் இது நடக்கும். பிறகு காயிலின் இரும்புக் கால்களும் ஃப்ளைவீல் காந்தமும். ஈரக் கொட்டகையில் கிடந்தால் இரண்டிலும் துரு ஏறியிருக்கும். உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, துணியால் துடைத்தால் போதும். சில எஞ்சின்களில் கதை இதோடு முடிந்துவிடும்.

இடைவெளி வைப்பதில் ஒரு நேர்த்தி இருக்கிறது. பல பிரிக்ஸ் எஞ்சின்களுக்குக் காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே 0.010 முதல் 0.014 அங்குலம், அதாவது 0.25 முதல் 0.36 மி.மீ. வரை இருக்க வேண்டும். சில மாடல்களுக்குச் சற்றுக் குறைவு. மாடல் எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். காயிலின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, காயிலை மேலே தள்ளி, ஒரு போல்ட்டை மட்டும் இறுக்கி நிறுத்த வேண்டும். காந்தம் காயிலுக்கு நேரே வரும்வரை ஃப்ளைவீலைக் கையால் சுற்ற வேண்டும். நடுவில் சரியான கனமுள்ள பித்தளை அல்லது பிளாஸ்டிக் கேஜைச் செருகி போல்ட்டைத் தளர்த்தினால் காந்தமே காயிலை ‘டக்’கென்று தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அப்படியே இரண்டு போல்ட்டையும் இறுக்கி, ஃப்ளைவீலைச் சுற்றினால் கேஜ் தானாக வெளியே வந்துவிடும். கேஜ் இல்லாதவர்கள் விசிட்டிங் கார்டைச் செருகுவது அந்த ஊர்ப் பழக்கம். அட்டையின் கனம் ஏறக்குறைய ஒத்துப்போவதால் வேலை நடந்துவிடுகிறது. ஃப்ளைவீல் காயிலை எங்கும் உரசவில்லை என்பதை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்த பிறகே மூட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு பொறி இல்லையென்றால் காயிலை மாற்றலாம்.

சூடேறினால் நிற்கும் வண்டி

மெக்கானிக்குகளை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். காலையில் ஒரே திருப்பில் கிளம்பும். அரை மணி நேரம் புல் வெட்டியதும் பொசுக்கென்று நிற்கும். கடைக்குத் தள்ளிக்கொண்டு போவதற்குள் ஆறிவிடும், மறுபடி கிளம்பும். காயிலுக்குள் தலைமுடியைவிட மெல்லிய கம்பிச் சுருள் சூட்டில் விரிந்து விலகினால் இப்படி ஆகும். பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைபட்டாலும் அச்சு அசலாக இப்படியே ஆகும். டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது; சற்று நேரம் விட்டால் காற்று கசிந்து உள்ளே போய் மறுபடி ஓடும். மூடியைச் சற்றே தளர்த்தினதும் ஓடினால் மூடிதான் குற்றவாளி.

அப்படியும் பிரிக்க முடியவில்லை என்றால், பிளக்குக்கும் பிளக் ஒயருக்கும் நடுவில் செருகும் வகை டெஸ்டரை மாட்டி, வண்டியை நிறுத்தி வைத்தபடியே சூடேறும்வரை ஓடவிட வேண்டும். எஞ்சின் திணறும் அந்தச் சில விநாடிகளில் டெஸ்டர் விளக்கிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்தால் இக்னிஷன். எஞ்சின் நிற்கும்வரை விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் பெட்ரோல். இக்னிஷன் என்றால் சூடு ஆறுவதற்குள் கில் ஒயரைக் கழற்றிப் பொறி பார்க்க வேண்டும். ஆறிய காயில் எந்தச் சோதனையிலும் தேறிவிடும்.

பாயிண்ட் வைத்த எஞ்சின்கள்

1982க்கு முந்தைய பிரிக்ஸ் எஞ்சின் நீண்ட நாள் சும்மா கிடந்தால் பாயிண்ட்டின் முகங்களில் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு படியும். அதுவே மின்சாரத்தைத் தடுத்துவிடும். ஃப்ளைவீலைக் கழற்றி, பாயிண்ட்டைத் திறந்து, நடுவில் சுத்தமான அட்டைத் துண்டை வைத்து இழுத்துத் துடைக்கலாம். முகங்கள் குழி விழுந்து கருகியிருந்தால் பாயிண்ட்டையும் கண்டென்சரையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.020 அங்குலம், அரை மில்லிமீட்டர். பாயிண்ட் பெட்டிக்குள் எண்ணெய் தெரிந்தால் அதைத் தள்ளும் சிறு தண்டின் துளை தேய்ந்திருக்கிறது. புது பாயிண்ட் போட்டாலும் எண்ணெய் மறுபடி வரும். அப்படிப்பட்ட எஞ்சினுக்கு மேக்னட்ரான் கிட் போடுவதே புத்திசாலித்தனம். பாயிண்ட்டை அதன் இடத்திலேயே விட்டு ஒயரை மட்டும் துண்டித்தால் போதும்.

கோலர் கே வரிசையில் இந்த வேலை எளிது. பாயிண்ட் எஞ்சினின் பக்கவாட்டில், சின்ன மூடிக்குள் இருக்கிறது. ஃப்ளைவீலைத் தொடவே வேண்டாம். இங்கும் 0.020 அங்குலம்தான் ஆரம்பக் கணக்கு. ஃப்ளைவீலில் ‘எஸ்’ என்ற குறி ஜன்னல் வழியே தெரியும் கணத்தில் பாயிண்ட் திறக்கத் தொடங்குகிறதா என்று பார்த்தால் டைமிங்கும் சரியாகிவிடும். பேட்டரி இக்னிஷன் உள்ள கே எஞ்சினில் பொறி வரவில்லை என்றால் முதல் சோதனை, சாவி போட்டுக் காயிலின் பாசிட்டிவ் முனையில் வோல்ட் பார்ப்பது. 12 வோல்ட் இல்லையென்றால் சாவியிலிருந்து காயில்வரை உள்ள சுவிட்ச்களில் ஏதோ ஒன்று வழிவிடவில்லை. மேக்னட்டோவில் ஒயர் எர்த் ஆனால் பொறி போகும். இங்கே ஒயர் அறுந்தால் பொறி போகும்.

பொறி உண்டு, நேரம் தப்பு

நல்ல பொறி, நல்ல பெட்ரோல், ஆனாலும் எஞ்சின் செல்ஃபைத் திருப்பி உதைக்கிறது, கார்புரேட்டர் வழியே வெடிக்கிறது என்றால் ஃப்ளைவீல் சாவித்துண்டைப் பார்க்க வேண்டும். தண்டுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே மிருதுவான உலோகத்தில் செய்த சின்னக் கட்டை அது. ஃப்ளைவீல் நட் தளர்ந்தாலோ, ஓட்டம் திடீரென்று தடைபட்டாலோ அது நசுங்கும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலே காந்தம் காயிலைக் கடக்கும் நேரம் மாறிவிடும். மறுபடி நசுங்காதிருக்கட்டும் என்று அந்த இடத்தில் இரும்புத் துண்டைச் செருகுகிறவர்கள் உண்டு. அடுத்த அடி அப்போது கிராங்க் தண்டின்மேல் விழும்.

இரட்டை சிலிண்டர் வண்டி ஒரே சிலிண்டரில் முனகிக்கொண்டு ஓடினால் கில் ஒயர்களை மறக்கக் கூடாது. அங்கே பெரும்பாலும் காயில் இரண்டு. ஒரு காயிலின் மின்சாரம் மற்றதில் பாயாதிருக்க ஒயருக்குள்ளேயே டயோடு வைத்திருப்பார்கள். இரண்டு காயிலின் கில் ஒயரையும் கழற்றினதும் இரண்டிலும் பொறி வந்தால் டயோடு உள்ள அந்த ஒயர் செட்டை மட்டும் மாற்றினால் போதும்.

மூடும் முன்

கழற்றிய கில் ஒயரைத் திரும்ப மாட்ட வேண்டும். சோதனைக்காகச் சுவிட்ச்களைக் குறுக்கே இணைத்த கம்பிகளை எல்லாம் எடுத்துவிட வேண்டும். சீட் சுவிட்ச் தொல்லை கொடுக்கிறது என்று நிரந்தரமாகவே குறுக்கிணைத்து ஓட்டுகிறவர்கள் நிறைய. சரிவில் வண்டி கவிழ்ந்து ஓட்டுபவர் தூக்கியெறியப்பட்டால் பிளேடு சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. எஞ்சினைக் கிளப்பி, ஆளில்லாத வெட்டவெளியில் பிளேடைப் போட்டு, வண்டியிலிருந்து இறங்காமலே உடம்பை மட்டும் இருக்கையிலிருந்து எழுப்பிப் பாருங்கள். எஞ்சின் உடனே நிற்க வேண்டும். சாவியை அணைத்தாலும் நிற்க வேண்டும். இரண்டில் ஒன்றுக்கு நிற்காவிட்டாலும் பழுது இன்னும் தீரவில்லை. அந்த வண்டியைப் புல்லில் இறக்காதீர்கள்.